ஷார்த்ர் பேராலயத்துக்குள் விழும் வெயிலைப் படம் பிடிப்பது எப்படி?

பாரிஸ்மழை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பாரிஸில் இருக்கிறேன், கமரா வாங்கி இரண்டு வருசம் ஆகிறது. போன சனிக்கிழமை மொம்பர்னாஸில் ரயில் ஏறி ஷார்த்ர் ஊருக்கு, அங்கிருக்கிற பழைய பேராலயத்தைப் பார்க்கப் போனேன். ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட எடுத்தது. அறுவடை முடிந்த வெறும் வயலுக்கு நடுவில், ஊரே கண்ணில் படாத தூரத்தில், அந்த இரண்டு கோபுரமும் மட்டும் தனியாக எழும்பி நிற்பதை ரயில் யன்னலால் பார்த்தபோதே மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

பன்னிரண்டு மணிக்குக் கோயிலுக்குள் போனேன், இரண்டு மணிக்குத்தான் வெளியே வந்தேன். உள்ளே போனதும் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் நேரம் நின்ற பிறகுதான் நிறக்கண்ணாடி யன்னல்களின் அந்த நீலம் வந்தது. அதை எப்படிச் சொல்லுவது என்று தெரியவில்லை, யன்னலில் இருக்கிற நிறம் மாதிரி இல்லை, காற்றிலேயே கலந்து நிற்கிற மாதிரி. பன்னிரண்டரை மணிபோல் மேகம் விலகி ஒரு தூணில் நீலமும் சிவப்புமாக ஒரு வெயில் துண்டு விழுந்தது. நான் கமராவை எடுத்துச் சரிபண்ணுவதற்குள் மறைந்துவிட்டது. பக்கத்தில் நின்ற வயதான அம்மா ஒருவர் அதைத் தொட்டுப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது, உண்மையாகவே.

ஆனால் வீட்டுக்கு வந்து பார்த்தால் படங்களில் அது ஒன்றும் இல்லை. சுவர் தெரிகிற படத்தில் யன்னல் எல்லாம் வெள்ளையாக வெந்து கிடக்கிறது. யன்னல் சரியாக வந்த படத்தில் மிச்சம் முழுக்கக் கறுப்பு. போனில் எடுத்ததில் எல்லாமே தெரிகிறது, ஆனால் மத்தியான வெளிச்சத்தில் எடுத்த கல்யாண மண்டபம் மாதிரி இருக்கிறது. நீலம் எல்லாவற்றிலும் ஊதாவாகவோ வெளிறிய வானநிறமாகவோ வந்திருக்கிறது.

கமரா சோனி ஏ7 மூன்றாவது மொடல், லென்ஸ் 24-70, எஃப் 4. ஸ்டாண்ட் கொண்டுபோகவில்லை. பிழை எங்கே? இன்னொரு முறை போகத் தயாராக இருக்கிறேன், எத்தனை முறை என்றாலும் போவேன். என்ன செய்யவேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்தூண் எழுதியது:

உங்கள் கேமராவில் ஒரு குறையும் இல்லை. ஒரே படத்தில் இரண்டு படம் கேட்கிறீர்கள், அதுதான் சிக்கல்.

பழைய கட்டடங்களின் உட்புறம் எடுப்பதுதான் பல வருடமாக என் வேலை. இந்த மாதிரி இடங்களில் வெயில் படும் ஜன்னலுக்கு, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 800, எஃப் (லென்ஸ் திறப்பு) 4 வைத்தால், ஷட்டர் 1/250 வினாடி அளவில் வரும். அதே அமைப்பில் நிழலில் இருக்கும் சுவருக்கு அரை வினாடி வேண்டியிருக்கும். ஏழு ஸ்டாப் வித்தியாசம் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பு), அதாவது ஏறக்குறைய 125 மடங்கு. அதற்கும் கீழே வளைவுகளின் மூலையில் கிடக்கும் இருட்டைச் சேர்த்தால் இன்னும் நாலைந்து ஸ்டாப். சென்சார் ஓரளவு தாங்கும், ஆனால் நீங்கள் ஆட்டோவில் விட்டால் கேமரா இருட்டைப் பார்த்துப் பயந்து எல்லாவற்றையும் சராசரி சாம்பலாக்கப் பார்க்கும், ஜன்னல் வெந்துபோகும்.

ஆகவே முதலில் முடிவு செய்யுங்கள், உங்களுக்கு வேண்டியது ஜன்னலா, வெயில் விழுந்த இடமா. நீங்கள் எழுதியதைப் படித்தால் தூணில் விழுந்த துண்டுதான் உங்களை உலுக்கியிருக்கிறது. அப்படியானால் ஜன்னலைச் சட்டத்துக்குள் கொண்டுவரவே வேண்டாம். ஸ்பாட் மீட்டரிங் (ஒரு சின்ன இடத்தை மட்டும் அளப்பது) வைத்து அந்த வெளிச்சத் துண்டின் மீது அளவெடுங்கள், ஒரு ஸ்டாப் கூட்டுங்கள் (வெளிறிய கல், அளவுமானி அதைச் சாம்பல் என்று நினைத்துக்கொள்ளும்), மேனுவலில் பூட்டிவிடுங்கள். சுற்றியுள்ள இருட்டு இருட்டாகவே இருக்கட்டும். இருட்டு இருந்தால்தானே அது வெயில்.

நீலம் பற்றி. இது முக்கியம், பலருக்குத் தெரியாமல் வருடக்கணக்கில் தடுமாறுவார்கள். கேமராவின் பின்திரையில் வழக்கமாகத் தெரியும் வெள்ளை ஹிஸ்டோகிராம் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) மொத்த ஒளி அளவைக் காட்டுவது. அந்தக் கணக்கில் நீலத்துக்கு மிகச் சின்னப் பங்குதான், பத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அடர்நீலக் கண்ணாடியில் நீலச் சேனல் (நீலத்துக்கான தனிப் பதிவு) உச்சியில் இடித்து வெடித்திருக்கும், வெள்ளை ஹிஸ்டோகிராமோ இன்னும் இடம் இருக்கிறது என்று காட்டிக்கொண்டிருக்கும். சேனல் வெடித்தால் கண்ணாடியில் தீட்டிய கோடும் நிழலும் எல்லாம் போய், ஒரே நீலச் சாந்து பூசியது போல ஆகிவிடும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து வையுங்கள், நீல மலை வலது சுவரில் முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒயிட் பேலன்ஸ் (நிறத்தைச் சமன்செய்யும் அமைப்பு) ஆட்டோவில் இருந்ததா? இருந்திருந்தால் அதுதான் ஊதாவுக்குக் காரணம். கேமரா அந்த நீலத்தைக் குறை என்று எண்ணி மஞ்சளைக் கூட்டித் திருத்தப் பார்க்கும். வெயிலுக்கான அளவாகிய 5300 கெல்வினில் நிறுத்திவிடுங்கள், உள்ளே போய் வெளியே வரும் வரை தொடாதீர்கள். ரா ஃபைலில் (கேமரா திருத்தாத மூலக் கோப்பு) எடுப்பது சொல்லாமலே தெரிந்திருக்கும்.

இரவுப்பறவை எழுதியது:

கல்தூண் சொன்னதில் பாதி ஒத்துக்கொள்கிறேன். ஜன்னலும் சுவரும் ஒரே படத்தில் வரவே கூடாது என்பதில்லை. இரண்டு ஸ்டாப் இடைவெளியில் ஐந்து படம் எடுத்து, பிறகு கையால் அடுக்கி, ஜன்னலுக்கு ஒரு படம், சுவருக்கு ஒரு படம் என்று மாஸ்க் போட்டு (வேண்டாத பகுதியை மறைத்து) சேர்த்தால் அழகாக வரும். போன் செய்வதும் அதைத்தான், ஆனால் போனுக்கு நிறுத்தத் தெரியாது. நான் நிழலை ஒன்றரை ஸ்டாப்புக்கு மேல் தூக்குவதில்லை.

ஸ்டாண்ட் விஷயம். உள்ளே போனதும் அங்கிருக்கும் பணியாளரிடம் கேட்டுவிடுங்கள், ஆள் நடமாட்டமுள்ள நேரத்தில் மூன்று கால் விரித்து வைப்பது யாருக்கும் பிடிக்காது. நான் நாற்காலியின் முதுகில் சின்ன அரிசிப் பை ஒன்றை வைத்து அதன்மேல் கேமராவை அமுக்கி எடுப்பேன். வீட்டிலேயே தைத்த பை, கால் கிலோ அரிசி. அரை வினாடி வரை அசையாது.

கல்தூண் எழுதியது:

அடுக்கிச் சேர்ப்பதில் எனக்குப் பகை இல்லை, கட்டடக்கலை இதழ்களுக்கு நானும் அப்படித்தான் கொடுக்கிறேன். ஆனால் வெயில் துண்டு நகர்ந்துகொண்டே இருக்கும், மேகம் வந்து போகும், ஐந்து படமும் ஐந்து விதமாக இருக்கும். அவர் கேட்டது அந்தக் கணத்தை. அதற்கு ஒரே கிளிக்தான். அரிசிப் பை நல்ல யோசனை.

லுவார்க்கரை எழுதியது:

தங்கச்சி, நான் ஒர்லியோனில் இருக்கிறேன். எனக்கு ஷார்த்ர் காரில் ஒரு மணித்தியாலம்தான். வருசத்தில் ஏழெட்டு முறை போய்விடுவேன், கமரா இல்லாமலும் போவேன். மேலே தம்பிகள் சொன்ன கமரா விசயம் எல்லாம் சரி. ஆனால் அந்தக் கோயிலுக்குள் சூரியன் எப்போது எங்கே வரும் என்று தெரியாமல் எந்தக் கமராவாலும் ஒன்றும் செய்ய ஏலாது. நீங்கள் போன நேரம்தான் பிழை.

வழக்கமாகப் பழைய கோயில்களில் பீடம் கிழக்கே இருக்கும், முகப்பு மேற்கே. ஷார்த்ர் அப்படி இல்லை, முழுக் கோயிலுமே ஏறக்குறைய நாற்பத்தைந்து பாகை திரும்பி நிற்கிறது. பீடம் வடகிழக்கே, மேற்கு முகப்பு என்று சொல்லுகிற வாசல் உண்மையில் தென்மேற்கே பார்க்கிறது. தெற்கு வட்ட யன்னல் பார்ப்பது தென்கிழக்கை. வடக்கு வட்ட யன்னல் வடமேற்கை. இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. உச்சிப்பொழுதில் சூரியன் சரியாகத் தெற்கே நிற்கும், அதாவது முகப்புக்கும் தெற்கு வாசலுக்கும் நடுவில் கட்டடத்தின் மூலைப்பக்கம். இரண்டு பக்கத்துக்கும் சரிவாகத்தான் வெயில் விழும். நீங்கள் பன்னிரண்டு மணிக்குப் போய் இரண்டு மணிக்கு வெளிக்கிட்டிருக்கிறீர்கள், ஆக மோசமான இரண்டு மணித்தியாலம் அதுதான்.

இப்போதைய ஐப்பசி வெயிலுக்கு, காலை பதினொரு மணியளவில் சூரியன் தெற்கு வட்ட யன்னலுக்கு நேர் எதிரே வரும். அப்போது நடுக்கூடத்தின் தெற்குப் பக்க மேல்யன்னல்களாலும் வெயில் இறங்கி எதிர்ப்பக்கத் தூண்களில் விழும். பிறகு மத்தியானம் சாப்பிடப் போங்கள். மூன்றரைக்குத் திரும்பி வாருங்கள். பின்னேரம் நாலு நாற்பது போல் சூரியன் மேற்கு முகப்புக்கு நேரே, வெறும் பத்தொன்பது பாகை உயரத்தில் நிற்கும். அந்தச் சரிவில் 15 மீட்டர் உயரத்தில் இருக்கிற கண்ணாடிக்குள்ளால் வருகிற வெயில் 40 மீட்டருக்கு மேல் உள்ளே நடந்துதான் தரையைத் தொடும். முதலில் வடக்குப் பக்கத் தூண்களில் விழும், மெல்ல நகர்ந்து நடுவுக்கு வரும், பிறகு தெற்குப் பக்கத் தூண்களுக்குப் போகும். ஒரு மணித்தியாலம் இருந்து பாருங்கள். நீங்கள் எங்கேயும் ஓடத் தேவையில்லை, அது உங்களிடம் வரும்.

அந்த முகப்பின் வட்ட யன்னலுக்குக் கீழே இருக்கிற மூன்று நீள யன்னல்களும் 1150 அளவில் செய்தவை. 1194-இல் கோயில் எரிந்தபோது தப்பியவை அவை. மிச்சக் கண்ணாடி பெரும்பாலும் அதற்குப் பிறகு, 13ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் வந்தது. இரண்டு நீலத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும், மூத்த நீலம் இன்னும் தெளிவாக, வெளிச்சமாக இருக்கும். 13ஆம் நூற்றாண்டு நீலம் அடர்த்தி, கனம். கோபால்ட் போட்டுச் செய்த நிறம்தான் இரண்டும். தெற்குப் பக்கம் பீடத்தைச் சுற்றிப் போகிற வழியில் நீல ஆடையோடு மாதா இருக்கிற யன்னலை ஒருக்கா நின்று பாருங்கள், அந்த மாதாவும் தீக்கு முந்தியவர். 1918-இலும் 1939-இலும் போருக்குப் பயந்து இந்தக் கண்ணாடிகளைத் துண்டு துண்டாகக் கழற்றி எடுத்து ஒளித்து வைத்தார்கள். அதனால்தான் நாங்கள் இன்றைக்கு அந்த நிறத்தைப் பார்க்கிறோம்.

இன்னொரு விசயம், சுவர். நான் முதல்முறை போனபோது உள்ளே எல்லாம் புகை படிந்து கறுத்துக் கிடந்தது. பதினைந்து வருசத்துக்கு மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுத்தம் செய்து, 13ஆம் நூற்றாண்டில் இருந்த மாதிரி வெளிர் மஞ்சள் பூச்சும் வெள்ளைக் கோடும் கொண்டுவந்திருக்கிறார்கள். இதற்குப் பெரிய சண்டை நடந்தது. இருட்டுப் போனால் கண்ணாடியின் பலம் போய்விடும் என்று சொன்னவர்கள் பலர், அவர்களுடைய கவலை எனக்கு விளங்குகிறது, நானும் அந்தப் பழைய இருட்டைத் தேடுகிறேன். ஆனால் வெயில் துண்டு எடுக்கிறவர்களுக்கு இந்தச் சுவர் ஒரு வரம். கறுத்த கல்லில் நீலம் விழுந்தால் அது சேறு. வெளிர் பூச்சில் விழுந்தால் நீலம் நீலமாகவே நிற்கும்.

தூண்களையும் கவனியுங்கள். ஒன்று உருண்டையாக இருக்கும், அடுத்தது எட்டுப் பட்டையாக இருக்கும், மாறி மாறி. உருண்டையில் வெயில் விழுந்தால் ஓரத்துக்குப் போகப் போகக் கரைந்துபோகும். பட்டைத் தூணில் விழுந்தால் மடிப்பு மடிப்பாக வெட்டுப்பட்டு நிற்கும், ஒரு பட்டை நீலம், அடுத்தது நிழல். நான் எப்போதும் பட்டைத் தூணுக்குத்தான் காத்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை போக முடிந்தால் போங்கள். நடுக்கூடத்துத் தரையில் 13 மீட்டர் அகலத்தில் ஒரு வட்டச் சுற்றுப்பாதை பதித்திருக்கிறது, மற்ற நாள் நாற்காலிகளுக்குக் கீழே கிடக்கும். வழக்கமாகத் தவக்காலத்திலிருந்து நவம்பர் 1 வரை வெள்ளிகளில் நாற்காலிகளை எடுத்துவிடுவார்கள்.

பூசைமணி எழுதியது:

நான் திருச்சிக்காரன், சின்ன வயதில் கோவிலில் பீடச் சிறுவனாக இருந்தவன். ஒரு வேண்டுகோள் மட்டும் முதலில் வைக்கிறேன். பூசை நேரத்தில் கேமராவைப் பையில் போட்டுவிடுங்கள். அது சுற்றுலாத் தலம் மட்டும் இல்லை, அந்த ஊர்க்காரர்கள் கல்யாணத்துக்கும் சாவுக்கும் வரும் கோவில். மற்ற நேரத்திலும் ஷட்டர் சத்தத்தை அணைத்துவிடுங்கள், உங்கள் சோனியில் சத்தமில்லாமல் எடுக்கும் வசதி இருக்கிறது.

சரி, பூசை முடிந்ததும் உடனே எழுந்து போய்விடாதீர்கள். தூபம் போட்ட பூசையாக இருந்தால் அதற்கு அடுத்த இருபது நிமிடம்தான் ஜன்னலிலிருந்து இறங்கும் கதிர் கண்ணுக்குத் தெரியும். சுத்தமான காற்றில் கதிர் தெரியவே தெரியாது, விழுந்த இடம் மட்டும்தான் தெரியும். புகையோ தூசியோ நடுவில் இருந்தால் அதில் பட்டுச் சிதறித்தான் ஒளி கோடாக நம் கண்ணுக்கு வருகிறது. அதிலும் வெளிச்சம் வரும் திசையை நோக்கி நின்றால்தான் நன்றாகத் தெரியும், வெளிச்சத்துக்கு முதுகு காட்டி நின்றால் அதே கதிர் பாதிகூடத் தெரியாது. ஆகவே ஜன்னல் ஒரு தூணுக்குப் பின்னால் மறையும்படி நின்றுகொண்டு கதிரை மட்டும் எடுங்கள். ஜன்னல் மறைந்திருப்பதால் கல்தூண் சொன்ன வெந்துபோகும் தொல்லையும் இல்லை.

அப்புறம் கண் பழகுவது. நம் ஊர்க் கோவில்களில் கர்ப்பக்கிரகத்துக்கு முன்னால் போய் நின்றதும் விளக்குச் சுடர் மட்டும்தான் தெரியும், நின்று பார்க்கப் பார்க்கத்தான் அம்மன் முகம் தெளியும். அதே கதைதான். உள்ளே போய் இருபது நிமிடமாவது கேமராவைத் தொடாமல் உட்காருங்கள்.

கணக்குவாத்தியார் எழுதியது:

பூசைமணி சொன்ன இருபது நிமிடத்துக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நம் கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். அது மட்டுமில்லை, வெளிச்சம் குறையக் குறையக் கண்ணின் நாட்டம் சிவப்பிலிருந்து நீலத்தின் பக்கம் நகரும். மாலை மங்கும்போது தோட்டத்தில் சிவப்புப் பூ முதலில் கறுத்துவிடும், நீலப்பூ இன்னும் கொஞ்ச நேரம் ஒளிரும், பார்த்திருப்பீர்கள். அந்தப் பேராலயத்தின் அரையிருட்டில் நீலம் காற்றில் நிற்பதுபோலத் தெரிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். கேமரா சென்சாருக்கு இந்தப் பழக்கம் கிடையாது. அதனால் படத்தில் நீலத்தை அரை ஸ்டாப் தூக்கினால் அது ஏமாற்று வேலை என்று நினைத்துக் கூசவேண்டாம், உங்கள் கண் பார்த்ததற்குக் கிட்டே போகிறீர்கள்.

அந்த வெளிச்சத் துண்டு ஏன் எப்போதும் ஓரம் மங்கி இருக்கிறது, ஏன் ஜன்னலில் உள்ள உருவம் தரையில் அப்படியே விழுவதில்லை என்று யாரும் கேட்கவில்லை, ஆனால் படமெடுப்பவருக்கு உதவும். சூரியன் ஒரு புள்ளி இல்லை, வானத்தில் அரைப் பாகை அகலமுள்ள தட்டு. அதனால் எந்த ஓரத்தின் நிழலும் தூரத்தில் ஏறக்குறைய 107இல் ஒரு பங்கு அகலத்துக்கு மங்கும். ஜன்னலிலிருந்து தூண் 20 மீட்டர் என்றால் மங்கல் 19 சென்டிமீட்டர். 40 மீட்டர் என்றால் 37 சென்டிமீட்டர். அங்குள்ள கண்ணாடித் துண்டுகள் பெரும்பாலும் உள்ளங்கைக்குள் அடங்குபவை, ஆகவே பக்கத்துப் பக்கத்து நிறங்கள் ஒன்றோடொன்று கலந்துதான் வந்து சேரும். ஃபோகஸ் தவறிவிட்டது என்று பதறாதீர்கள். கல்லின் சொரசொரப்பில் ஃபோகஸ் வையுங்கள், நிறம் அதன்மேல் மென்மையாகத்தான் கிடக்கும். கூர்மையான துண்டு வேண்டுமென்றால் ஜன்னலுக்கு மிக அருகில், ஜன்னலின் பக்கச் சுவரிலேயே விழுவதை எடுங்கள்.

நகரும் வேகம் பற்றியும் ஒரு வார்த்தை. பூமி நாலு நிமிடத்துக்கு ஒரு பாகை சுழல்கிறது. 20 மீட்டர் தூரத்தில் அது ஓரடிக்கு மேல். அரை வினாடி ஷட்டருக்கு இது பொருட்டே இல்லை, ஆனால் லென்ஸ் மாற்றப் போய்த் திரும்புவதற்குள் துண்டு நீங்கள் பார்த்த இடத்தில் இருக்காது.

லுவார்க்கரை எழுதியது:

வாத்தியார் சொன்னதைப் படிக்கத்தான் எனக்கு ஒன்று ஞாபகம் வருகிறது. தெற்குக் குறுக்கு மண்டபத்தின் மேற்குப் பக்கத்தில் புனித அப்போலினாரின் யன்னல் இருக்கிறது. அதில் ஒரு சின்ன இடத்தில் மட்டும் நிறமில்லாத கண்ணாடி. கீழே தரையில் மற்றக் கற்களோடு சேராமல் சரிவாகப் பதித்த ஒரு கல், அதில் ஒரு உலோக ஆணி. ஜூன் 21ஐ ஒட்டி, உச்சிப்பொழுதில், அந்த ஓட்டையால் வருகிற வெயில் அந்தக் கல்லில் விழும். வெயில் இருந்தால். இரண்டு முறை போய் மேகம் பார்த்துத் திரும்பினேன், மூன்றாவது முறைதான் கண்டேன். வட்டமான வெள்ளைப் பொட்டு, அவ்வளவுதான், ஆனால் சுற்றி நின்ற அத்தனை பேரும் ஒரு சத்தமில்லாமல் நின்றார்கள்.

கணக்குவாத்தியார் எழுதியது:

அந்தப் பொட்டு வட்டமாக இருப்பது ஓட்டை வட்டம் என்பதால் இல்லை ஐயா. சின்ன ஓட்டை வழியே விழுவது சூரியனுடைய பிம்பமே. மர நிழலில் தரையில் கிடக்கும் வெயில் காசுகள் எல்லாம் வட்டமாக இருக்கின்றனவே, அதே கணக்கு. ஷார்த்ரில் அந்த நாளில் உச்சிச் சூரியனின் உயரம் 65 பாகை. திசம்பரில் அதே உச்சியில் வெறும் 18.

பாரிஸ்மழை எழுதியது:

எல்லோருக்கும் பெரிய நன்றி. வாசித்து வாசித்து ஒரு கொப்பியில் எழுதிவைத்தேன். மூன்று கிழமை கழித்து நேற்றுத்தான் திரும்பப் போக முடிந்தது.

அண்ணை சொன்ன நாலு நாற்பது இப்போது இல்லை, இடையில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைத்துவிட்டார்கள், சூரியனும் இன்னும் தாழ்ந்துவிட்டது. போனில் சூரியன் திசை காட்டுகிற செயலியை வைத்துப் பார்த்தேன், மூன்று ஐம்பதுக்கு முகப்புக்கு நேரே வரும் என்று காட்டியது, உயரம் பன்னிரண்டு பாகைதான். ஒன்றரைக்கே உள்ளே போய் நடுக்கூடத்தில் வடக்குப் பக்கமாக ஒரு நாற்காலி பிடித்தேன். அரை மணித்தியாலம் கமராவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. கடினமாகத்தான் இருந்தது, முதல் பத்து நிமிடம் கை தானாகப் பைக்குப் போனது, பிறகு மறந்துவிட்டேன். நீலம் மெல்ல மெல்லக் கூடிக்கொண்டு வந்ததை முதல்முறையாகக் கவனித்துப் பார்த்தேன்.

மூன்று மணிவரை மேகம். ஒன்றும் இல்லை. மூன்றேகாலுக்கு வெயில் வந்தது, வந்ததும் வடக்குப் பக்கத்தில் ஒரு தூண் எரிந்த மாதிரி இருந்தது. உருண்டைத் தூண். நான் அசையவில்லை, அண்ணை சொன்ன பட்டைத் தூணுக்கு அது நகரும் வரை இருந்தேன். பத்து நிமிடத்துக்கு மேல் எடுத்தது. அதற்குள் அளவெடுத்துப் பூட்டிவிட்டேன். ஐஎஸ்ஓ 1600, எஃப் 5.6, 1/60, வெயிலுக்கு 5300 கெல்வின். நீலச் சேனல் விளிம்பில் வந்து நின்றது, இடிக்கவில்லை. மூன்று பட்டைகள், முதலாவதில் நீலம், நடுவில் நீலமும் சிவப்பும் கலந்து ஒரு கத்தரிப்பூ நிறம், மூன்றாவதில் வெறும் நிழல். ஓரமெல்லாம் பஞ்சு மாதிரி, வாத்தியார் ஐயா சொன்ன மாதிரியே. அவர் சொல்லியிருக்காவிட்டால் போகஸ் பிழை என்று நினைத்து அழித்திருப்பேன்.

இரண்டாவது படம் நான் எதிர்பாராமல் கிடைத்தது. நாலு மணிபோல் பணியாளர்கள் இரண்டு பேர் நாற்காலி வரிசைகளை இழுத்துச் சரிசெய்தார்கள். தூபம் ஒன்றும் இல்லை, ஆனால் அந்தத் தூசி எழும்பியதும் மேற்கு யன்னலிலிருந்து ஒரு கதிர் அப்படியே கூடத்தின் நடுவால் நீண்டு நின்றது. பூசைமணி அண்ணா எழுதியது ஞாபகம் வந்து, வெளிச்சத்தை நோக்கித் திரும்பி ஒரு தூணுக்குப் பின்னால் யன்னலை மறைத்துக்கொண்டேன். ஆறு படம்தான், தூசி இறங்கிவிட்டது. அதில் ஒன்றில் ஒரு பணியாளரின் தோளும் நாற்காலியைப் பிடித்த கையும் மட்டும் கதிருக்குள் இருக்கிறது, முகம் தெரியவில்லை, அதனால் போடலாம் என்று நினைக்கிறேன். அரிசிப் பையை ஒரு நாற்காலியின் முதுகில் வைத்துத்தான் எடுத்தேன், இரவுப்பறவைக்கு அதற்காகத் தனி நன்றி.

யன்னல்களையும் எடுத்தேன், 1/250 இல், சுற்றி எல்லாம் கறுப்பாக. அது தனிப் படம், அதுவும் பிடித்திருக்கிறது. இரண்டையும் சேர்க்கவில்லை.

ஒரு கேள்வி இருக்கிறது. ஜூனில் அந்த ஆணியைப் பார்க்கப் போனால் எத்தனை மணிக்கு நிற்கவேண்டும்? பன்னிரண்டுக்கா?

லுவார்க்கரை எழுதியது:

பட்டைத் தூண் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன் தங்கச்சி. நடுப்பட்டையில் நீலத்துக்கும் சிவப்புக்கும் இடையில் அந்த நிறம், அதை நான் இத்தனை வருசத்தில் ஒருக்காவும் எடுத்ததில்லை. கடதாசியில் பிரிண்ட் போடுங்கள், திரையில் மட்டும் வைத்திருக்காதீர்கள்.

பன்னிரண்டு இல்லை. கோடைகால மணிக்கூட்டின்படி அங்கே சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் இரண்டுக்கு நாலு நிமிடம் முன்னர். ஆனால் ஒரு மணிக்கே போய்விடுங்கள், அந்தக் கல்லைச் சுற்றிக் கூட்டம் நிற்கும், கமராவுக்கு இடம் கிடைக்காது. பார்த்து முடிந்ததும் திரும்பி ஓடாதீர்கள். ஜூன் மாதத்தில் சூரியன் வடமேற்கே போய்த்தான் மறையும், அதனால் பின்னேரம் அந்த வடக்கு வட்ட யன்னலில் நேர் வெயில் அடிக்கும். வடக்கு யன்னலில் வெயில் வரும் என்று யாரும் எதிர்பார்க்கமாட்டார்கள், ஆறு மணிக்குப் பிறகு கூடம் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும்.

நானும் மனுசியும் அன்றைக்குக் காரில் வருவோம். சாப்பாடு கட்டிக்கொண்டு வருகிறோம், மத்தியானம் தெற்கு வாசல் படியில் இருப்போம்.